ஐஸ் வச்ச பை

அன்னைக்கு ஆஸ்பத்திரியில இருந்தவங்க இவங்கதான்.

உள்ளே மேசை மேல என் அக்கா. வயசு நாப்பத்தெட்டு. இடது பக்க மார்பை எடுக்கிறதா இருந்தாங்க.

அக்கா பக்கத்துல டாக்டரம்மா. வெளியூர்ல பெரிய படிப்பு படிச்சுட்டு எங்க பக்கம் வந்தவங்க. சிரிச்ச முகம்.

டாக்டரம்மா கூட ஒரு சிஸ்டர். மடத்துக் கன்னியாஸ்திரி, நர்ஸு வேலையும் அவங்கதான்.

வெளியே பெஞ்சில எங்கம்மா. கையில ஜெபமாலை.

அம்மாவுக்கு அடுத்தாப்புல எங்க கோயில் உபதேசியார். பங்குச் சாமியார் ஊர்ல இல்லாத நாள்ல ஜெபம் சொல்றதும் அவர்தான், கல்லறையில குழி தோண்டுறதும் அவர்தான்.

வாசப்படியில அக்கா புருஷன், எங்க மாமா. லாரி டிரைவர். அவர் வண்டியில மட்டும்தான் உக்காருவார். மத்த இடத்துல நின்னுக்கிட்டே இருப்பார்.

அப்புறம் நான். தொப்பூர் கணவாயில ரோட்டோரம் இட்லிக் கடை போட்டிருந்தேன். அன்னைக்குக் கடை மூடல்.

எண்பதுகளோட கடைசி அது. கோடைக்காலம். நல்லம்பள்ளி பக்கம் சிஸ்டருங்க நடத்துன ஒரு சின்ன ஆஸ்பத்திரி.

அக்காளுக்குக் கட்டி இருந்தது ஆறு மாசமா அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நாள் என் கடைக்கு வந்து மாவாட்டுறப்ப கை தூக்க முடியல. என்னடின்னேன். ஒண்ணுமில்லன்னா. ஜாக்கெட்டுக்கு மேல கை வச்சுப் பார்த்தேன். புளியங்கொட்டை நாலஞ்சு சேர்த்த மாதிரி இருந்தது. அடுப்பை அணைச்சுட்டு ரெண்டு பேரும் பஸ் ஏறிட்டோம்.

டாக்டரம்மா ரெண்டு நாள்ல முடிவைச் சொன்னாங்க. அறுக்கணும். அறுத்த பிற்பாடு மாத்திரை தரலாமா வேணாமான்னு பார்க்கணும்.

"மாத்திரை வேணாங்க" என்றேன்.

"ஏன்?"

"எங்க பெரியம்மாளுக்கும் இதேதான். சேலத்துல மாத்திரை குடுத்தாங்க. ஒன்றரை வருசம் முழுங்குனாங்க. ஒண்ணும் கேக்கல. போய்ச் சேர்ந்துட்டாங்க."

"அவங்க கட்டியை யாராவது சோதிச்சுப் பார்த்தாங்களா?"

மாமா குறுக்க வந்தார். "கட்டியை எதுக்குங்க சோதிக்கணும்? கட்டின்னுதான் தெரியுதே."

டாக்டரம்மா சிரிச்சாங்க. மாமாவைப் பார்த்து, "நீங்க பஸ்ஸுல போறது உண்டா?" என்றாங்க.

"எப்பவாச்சும் போவேனுங்க."

"காரிமங்கலம் சந்தை அன்னைக்கு பஸ்ஸுல எப்படி இடம் புடிப்பீங்க?"

"ஜன்னல் வழியா துண்டு போடுவேன்."

"அதேதான்" என்றாங்க. "பொம்பளைங்க உடம்புல ஒரு சுரப்பு இருக்கு. ரத்தத்துல ஓடிக்கிட்டே இருக்கும். சில கட்டியில அது உக்கார சீட்டு இருக்கும். வந்து உக்காந்தா கட்டி வளரும். இந்த மாத்திரை முந்திப் போய்த் துண்டு போட்டுரும். சுரப்பு வந்து பார்க்கும். இடம் இல்ல. போயிரும்."

"துண்டை எடுத்து வீசிட்டு உக்காராதுங்களா?"

"உக்காராது."

"அப்ப அது எங்க ஊரு சுரப்பு இல்லைங்க" என்றார் மாமா.

அக்கா சிரிச்சா. அன்னைக்கு அவ சிரிச்சது அப்பத்தான்.

டாக்டரம்மா விடல. "சீட்டே இல்லாத கட்டியும் உண்டு. அங்க துண்டை எங்க போடுறது? மாத்திரை முழுங்கினது முழுங்கினதுதான், வேலை செய்யாது. உங்க பெரியம்மாளுக்கு அப்படி இருந்திருக்கலாம். யாரும் எண்ணிப் பார்க்கல."

"அக்காளுக்கு?" என்றேன்.

"எண்ணித்தான் பார்க்கணும். சீட்டு இருந்தா மாத்திரை போதும். வூட்டுல இருந்தே முழுங்கலாம். இல்லேன்னா மெட்ராஸ் போய் ஊசி மருந்து ஏத்தணும். அது கடுமையான மருந்து. இவங்க உடம்பு தாங்குமான்னு சொல்ல முடியாது."

அக்கா ஏற்கெனவே ஒல்லி. இதயத்துலயும் ஏதோ சத்தம் கேக்குதுன்னு சொல்லியிருந்தாங்க.

எனக்கு ஒரு சந்தேகம். "பெரியம்மாளுக்கு இல்லேன்னா அக்காளுக்கும் இருக்காதேங்க. ஒரே வம்சந்தானே."

"அப்படிச் சொல்ல முடியாது" என்றாங்க. "அந்தச் சீட்டை எப்படிச் செய்யணும்னு உடம்புக்குள்ள ஒரு குறிப்பு இருக்கு. அப்பா அம்மா கிட்டருந்து வர்றது. பஸ்ஸுக்கு பாடி கட்டுற பட்டறையில அளவு எழுதி வச்சிருப்பாங்கல்ல, அந்த மாதிரி. எல்லாருக்கும் அதே குறிப்புதான். ஆனா ஆளுக்கு ஆள் ஒண்ணு ரெண்டு எழுத்து மாறி இருக்கும். மாறினாலும் பல பேருக்கு ஒண்ணும் ஆவாது. சில பேருக்கு ஆவுமோ என்னமோ. வெளிநாட்டுல இப்பத்தான் அந்த எழுத்தைப் படிக்க ஆரம்பிச்சிருக்காங்க. அது போக கட்டிக்குள்ள எல்லாம் இன்னும் மாறும். அதனால அவங்க கட்டி வேற, இவங்க கட்டி வேற."

எனக்குப் பாதி புரிஞ்சது. நான் மூணாவதோட நின்னவ. எழுத்து மாறினா ஒண்ணும் ஆவாதுங்கிறது மட்டும் நல்லாப் புரிஞ்சது. என் கையெழுத்தே அப்படித்தான்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தாங்க. "நீங்களும் மாசம் ஒரு தடவை தடவிப் பாருங்க."

"சரிங்க."

சீட்டு எண்ணுற இடம் பெங்களூருல இருந்தது. அந்தக் காலத்துல பச்சைச் சதையாக் கொண்டு போவணும். அறுத்த உடனே ஐஸுல வைக்கணும். அன்னைக்கே சேர்க்கணும். அஞ்சு மணிக்கு அங்க மூடிருவாங்க. சூடு பட்டா சீட்டெல்லாம் கரைஞ்சு போயிரும். இப்ப ஐஸே வேணாமாம். மெழுகுல பதிச்சு வச்சு, எப்ப வேணா பார்க்கலாமாம். அன்னைக்கு அந்த வசதி எங்க பக்கம் இல்ல.

ஆஸ்பத்திரியில ஜீப்பு ஒண்ணுதான். அது பிரசவத்துக்குப் போற ஜீப்பு. "நீங்களே கொண்டு போறீங்களா?" என்றாங்க.

மாமா, "லாரியில பெங்களூருக்கு ஊரையே கொண்டு போயிருக்கேன்" என்றார். அந்த வாரம் அவருக்கு லாரி இல்ல, ஓனர் வண்டியை எஞ்சின் வேலைக்கு விட்டிருந்தார். பஸ்ஸுலதான் போவணும். நானும் கூட வர்றேன்னேன். அவர் ஒரு இடத்துல உக்கார மாட்டார். மடியில வச்சுக்க ஆள் வேணும்.

குச்சி ஐஸ் விக்கிறவர் ஒருத்தர் என் கடையில தினமும் சாப்பிடுவார். அவர்கிட்ட வாயகன்ற பெரிய பிளாஸ்க் ஒண்ணு கேட்டு வாங்கினேன். எதுக்குன்னு கேட்டார். சொன்னேன். கழுவிக் குடுத்தார்.

இன்னொரு காரியமும் இருந்தது. அம்மாவோட காரியம்.

எங்க வேதத்துல கடைசி நாள்ல எல்லாரும் உடம்போட எழும்புவாங்க. எங்க ஊருல ஒருத்தருக்கு மில்லுல கை போச்சு. அந்தக் கையைக் கல்லறையில அடக்கம் பண்ணி, சிலுவை நட்டு, ஜெபம் சொன்னாங்க. அவர் இன்னும் உயிரோட டீக்கடையில உக்காந்திருந்தார். அம்மாவுக்கு அதே மாதிரி வேணும்.

"எம்பொண்ணோட சதையை எரிக்கிறதோ நாய்க்குப் போடுறதோ வேணாம். மண்ணுல வைக்கணும்" என்றா.

டாக்டரம்மா தனக்குச் சோதிக்க ஒரு துண்டு, பெங்களூருக்கு ஒரு துண்டு போக மிச்சத்தைத் தர்றேன்னாங்க. சிஸ்டரும் தலையாட்டினாங்க.

மேசைக்குப் போறதுக்கு முந்தி அக்கா என்னைக் கூப்புட்டா. "நான் இதுவரைக்கும் பெங்களூரு பார்த்ததில்ல. அதை ஜன்னலோரமா வச்சுக்கோ. அதுவாச்சும் பார்க்கட்டும்."

"சரி" என்றேன்.

பத்தரை மணிக்கு வேலை முடிஞ்சது. சிஸ்டர் ரெண்டு மஞ்சப்பையோட வெளியே வந்தாங்க. ரெண்டும் ஒரே ஜவுளிக் கடைப் பை. ஒண்ணுல பிளாஸ்க். உள்ளே ஐஸு, ஐஸுக்கு நடுவுல சின்ன பாட்டில். இன்னொண்ணுல பால்பவுடர் டப்பா, வெள்ளைத் துணி சுத்தினது. என்கிட்ட சொன்னாங்க, "ஐஸ் இருக்கிறது பெங்களூருக்கு. டப்பா கல்லறைக்கு." பெஞ்சில வச்சாங்க.

அப்ப உள்ளேருந்து கூப்புட்டாங்க. அக்காளைக் கட்டிலுக்கு மாத்த ஆள் வேணும். நான் உள்ளே போனேன். காலைப் புடிச்சேன். மயக்கத்துல அவ ஏதோ சொன்னா. புளிக்குழம்புன்னு கேட்டுச்சு.

திரும்ப வந்தப்ப பெஞ்சில ஒரு பை இருந்தது. அம்மாவும் உபதேசியாரும் கிளம்பியாச்சு. மாமா வாசல்ல, "வா புள்ள, பஸ் போயிரும்" என்றார். பையை எடுத்தேன். போனேன். திறந்து பார்க்கல. அது என் தப்பு.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல பெங்களூரு பஸ் நின்னுச்சு. நல்ல கூட்டம். மாமா ஓடிப் போய் ஜன்னல் வழியா துண்டு போட்டார். ரெண்டு சீட்டு. ஏறி ஜன்னலோரம் உக்காந்தேன். பையை மடியில வச்சேன். மாமா கீழே நின்னு பீடி பத்த வச்சார்.

கொஞ்ச நேரம் போச்சு. என் மடி சில்லுன்னு இல்ல.

பிளாஸ்க்குதானே, வெளியே தெரியாதுன்னு நெனச்சேன். ஆனா கனமும் சரியில்ல. கையை உள்ளே விட்டேன். டப்பா.

ஜன்னல் வழியா, "மாமா" என்றேன்.

"என்னம்மா?"

"பை மாறிப் போச்சு."

அவர் பீடியைக் கீழே போட்டார். நான் இறங்கினேன். துண்டு சீட்டுலயே இருந்துச்சு. அந்தத் துண்டு மட்டும் பெங்களூரு போயிருச்சு.

அப்ப மணி பதினொண்ணே முக்கால். எங்க கல்லறை நல்லம்பள்ளி தாண்டி. வந்த வழியே திரும்பிப் போவணும். டவுன் பஸ் எப்ப வரும்னு சொல்ல முடியாது.

மாமா டீக்கடைப் பக்கம் பார்த்தார். பாலக்கோட்டுத் தக்காளி ஏத்தின லாரி ஒண்ணு பெங்களூரு மார்க்கெட்டுக்குப் போக நின்னுச்சு. டிரைவர் மாமாவுக்குத் தெரிஞ்சவர். டீ குடிச்சுக்கிட்டு இருந்தார்.

"அண்ணே, ஒரு அவசரம். நல்லம்பள்ளி வரைக்கும் போயிட்டு அப்படியே பெங்களூரு."

"நான் வடக்க போறேன். நீ தெக்க கூப்புடுற."

"தெக்க போயிட்டு வடக்க."

"தக்காளி பழுத்துரும்யா."

"பழுக்கத்தானே வச்சிருக்க."

"நல்லம்பள்ளியில என்ன?"

"கல்லறை."

டிரைவர் டீ கிளாஸைக் கீழே வச்சார். "யாரு போயிட்டாங்க?"

"யாரும் போவல. அதுக்குத்தான் அவசரம்" என்றார் மாமா.

டிரைவர் என் முகத்தைப் பார்த்தார். என் கையில இருந்த பையைப் பார்த்தார். ஏறுங்கன்னார்.

வண்டி நல்லாத்தான் ஓட்டினார். ஆனா வாய் ஓயல. "இருபது வருசமா ஸ்டீயரிங் புடிக்கிறேன். லோடு வண்டியைக் கல்லறைக்கு ஓட்டுறது இன்னைக்குத்தான்." கொஞ்ச தூரம் போய், "அந்தப் பையில என்னங்க? மாம்பழமா?" என்றார்.

"எங்கக்கா" என்றேன்.

அதுக்கப்புறம் கல்லறை வரைக்கும் பேசல.

கல்லறையில வேலை முடிஞ்சிருந்தது. புது மண்ணு, ஒரு முழம் நீளத்துக்கு. மேல ரெண்டு குச்சியைக் கட்டின சிலுவை. அரளிப் பூவு. அம்மாவும் உபதேசியாரும் வேப்பமரத்தடியில உக்காந்து பொரி தின்னுக்கிட்டு இருந்தாங்க. லாரியைப் பார்த்துட்டு அம்மா எழுந்தா.

"என்னடி, பெங்களூரு போவலையா?"

"நீ எந்தப் பையை எடுத்தே?"

"ஐஸ் வச்ச பையை."

"அதுதான் பெங்களூருக்கு."

அம்மாவுக்குப் புரியல. "ரெண்டையும் பிரிச்சுப் பார்த்துத்தான் எடுத்தேன். ஒண்ணுல டப்பா. ஒண்ணுல ஐஸு. ஐஸ் வச்சா அது அடக்கத்துக்குத்தானே. உங்கப்பனுக்கு வைக்கலையா? மெட்ராஸ்லருந்து உந்தம்பி வர்ற வரைக்கும் ரெண்டு பாளம் ஐஸுல படுக்க வச்சிருந்தோம். எடுத்துட்டு உடனே புதைச்சோம். உசுரோட இருக்கிறதுக்கு யாருடி ஐஸ் வைப்பாங்க?"

அவ சொன்னதுல தப்பு இல்ல. எங்க பக்கம் ஐஸுக்கு அன்னைக்கு ரெண்டு வேலைதான். குச்சியில வச்சுத் திங்கிறது. பொணத்துக்கு வைக்கிறது.

மாமா உபதேசியாரைப் பார்த்தார். "தோண்டுங்க."

உபதேசியார் பொரியைக் கீழே வச்சார். "அது முடியாதுங்க. ஜெபம் சொல்லியாச்சு. தீர்த்தம் தெளிச்சாச்சு. அடக்கம் பண்ணினதைச் சாமியார் உத்தரவு இல்லாம எடுக்கக் கூடாது."

"சாமியார் எங்க?"

"சேலத்துல தியானத்துல இருக்கார்."

"எப்ப வருவார்?"

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் ஐஸ் இருக்குங்களா?"

"அதை நான் எப்படிங்க சொல்றது? எனக்கு ஜெபம்தான் தெரியும்."

அவங்க பேசட்டும்னு விட்டேன். மண்வெட்டி சுவத்துல சாத்தியிருந்தது. எடுத்தேன். சிலுவையைப் புடுங்கி ஓரமா வச்சேன். பூவையும் எடுத்து வச்சேன். வெட்டினேன். புது மண்ணு, லேசா வந்தது.

உபதேசியார் ஓடி வந்தார். "ஏங்க, ஏங்க, பாவங்க."

"பாவம் எம்மேல. நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

அவர் திரும்பிக்கிட்டார். திரும்பி நின்னுக்கிட்டே, "ரொம்ப ஓங்கி வெட்டாதீங்க, முக்கால் அடிதான் வச்சேன்" என்றார்.

அம்மா அழுதா. "கடைசி நாள்ல எல்லாரும் எழும்பும்போது எம்பொண்ணு மட்டும் ஒரு பக்கம் இல்லாம நிப்பாளே."

மாமா சொன்னார், "அத்தே, எழும்புறது அப்புறம். இப்ப கொஞ்ச வருசம் உக்காந்திருக்கட்டும்."

மண்வெட்டியில ஏதோ தட்டுச்சு. கையால மண்ணைத் தள்ளினேன். மஞ்சப்பை தெரிஞ்சது. தூக்கினேன். பிளாஸ்க்கு உடையல. மூடியைத் திறந்தேன். பாதி ஐஸு, பாதி தண்ணி. பாட்டில் ஐஸுக்குள்ளதான் இருந்தது. என் விரல் மரத்துப் போச்சு. அவ்வளவு சந்தோசம் எனக்கு.

"எவ்வளவு நேரம் மண்ணுல இருந்துச்சு?" என்றேன்.

"ஐம்பத்துமூணு மணி ஜெபமாலை ரெண்டு தடவை, ஒரு பிரார்த்தனை, அப்புறம் ஒரு பாட்டு" என்றார் உபதேசியார். அவருக்குக் கடிகாரம் அதுதான். மாமா கணக்குப் போட்டு முக்கால் மணி நேரம்னார்.

குழியில டப்பாவை வச்சேன். மண்ணைத் தள்ளினேன். அம்மா சிலுவையைத் திரும்ப நட்டா.

"இன்னொரு தடவை ஜெபம் சொல்லணுமே" என்றார் உபதேசியார். "மொதல்ல சொன்னது வேற பைக்கு."

"ஆளு ஒண்ணுதானேங்க" என்றார் மாமா.

"ஆமா. ஆனாலும் முழுசா சொல்லிடறேன்."

நாங்க லாரியில ஏறினோம். பின்னாடி அவர் பாட ஆரம்பிச்சது கேட்டுச்சு.

அதுக்கப்புறம் டிரைவர் ஓட்டினதை ஓட்டுறதுன்னு சொல்ல முடியாது, பறக்க விட்டார். தர்மபுரி, காரிமங்கலம், எல்லாம் ஜன்னல்ல ஒட்டின காகிதம் மாதிரி கிழிஞ்சு போச்சு. பிளாஸ்க்கை மடியில வச்சு முந்தானையால சுத்தியிருந்தேன். முன்னாடி எஞ்சின் சூடு. அதனால காலைத் தூக்கி சீட்டு மேல மடக்கி உக்காந்தேன். பெங்களூரு வரைக்கும் அப்படியேதான்.

கிருஷ்ணகிரியில கலர் சோடாக் கடையில மாமா இறங்கினார். "அண்ணே, ஒரு பாளம் ஐஸு."

"கலர் வேணுமா?"

"வேணாம்."

"கலர் வாங்கினாத்தான் ஐஸு."

"நாலு கலர் குடுங்க, கலரை நீங்களே குடிச்சுக்குங்க, ஐஸைக் குடுங்க."

கடைக்காரர் மாமாவை ஒரு மாதிரி பார்த்துட்டு ஐஸை உடைச்சுக் குடுத்தார். தண்ணியை வடிச்சேன். ஐஸை அடைச்சேன். பாட்டில் மூடியையும் அழுத்திப் பார்த்தேன். இறுக்கமா இருந்தது. கலரை டிரைவர்தான் குடிச்சார். நாலும்.

ஓசூர் தாண்டினப்ப மணி மூணே கால். மாமா சொன்னார், "ஒரு வேளை சீட்டு இல்லேன்னா?"

"மெட்ராஸ் போவணும்."

"அவ வரமாட்டேன்னுவா."

"தூக்கிட்டுப் போவோம்."

"ம்" என்றார். "அவ என்கிட்ட ஆறு மாசம் சொல்லல. நான் வூட்டுல இருந்தது ஆறு மாசத்துல பத்து நாள். எப்பச் சொல்லுவா?"

டிரைவர் முன்னாடியே பார்த்துக்கிட்டு, "எனக்கும் அப்படித்தான்" என்றார்.

நாலு இருபதுக்கு அந்தக் கட்டடத்துக்கு முன்னாடி லாரி நின்னுச்சு. வாட்ச்மேன் தக்காளி லாரி உள்ளே வரக்கூடாதுன்னார். நாங்க இறங்கி நடந்தோம். பக்கவாட்டுல ஒரு ரூமு. வெள்ளைக் கோட்டுல ஒருத்தர் இருந்தார். கண்ணாடி. டாக்டரம்மா லெட்டரை வாங்கிப் படிச்சார். பிளாஸ்க்கைத் திறந்தார்.

"ஐஸ் இதெ" என்றார். ஐஸ் இருக்குன்னு அர்த்தம்னு மாமா சொன்னார். மாமாவுக்கு லாரிக் கன்னடம் வரும்.

அவர் பிளாஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடித் திருகுல மண்ணு. அடியில மண்ணு. எதுக்கு மண்ணுன்னு கேட்டார்.

மாமா கன்னடத்துல ஏதோ சொன்னார். அவர் தலையாட்டிக்கிட்டு உள்ளே கொண்டு போயிட்டார்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"எங்க ஊரு ரோடு அப்படின்னு சொன்னேன்."

நான் ஜன்னல் வழியா வெளியே பார்த்தேன். மரமெல்லாம் பூவா இருந்தது. அக்காகிட்ட சொல்லணும்னு நெனச்சேன்.

மறுநாள் டாக்டரம்மாகிட்ட நடந்ததைச் சொன்னேன். மறைக்கல. அவங்க சிரிக்கலை. மூடி இறுக்கமா இருந்துச்சான்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். ஐஸ் எவ்வளவு மிச்சம்னு கேட்டாங்க. பாதின்னேன்.

"ஒரு எண் வரும். பத்துக்கு மேல வந்தா சீட்டு இருக்கு, மாத்திரை தரலாம்" என்றாங்க. "சைபர் வந்தா சிக்கல். சீட்டு இல்லாம இருந்தாலும் சைபர்தான். சூடு பட்டுக் கெட்டிருந்தாலும் சைபர்தான். ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல முடியாது. இன்னொரு தடவை எடுத்து அனுப்பவும் கட்டி இல்ல."

"சரிங்க" என்றேன்.

அக்காளுக்கு இதைச் சொல்லல. மண்ணுல புதைச்ச கதையை மட்டும் சொன்னேன். அவ வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சா. தையல் வலிக்குதுடின்னா. வலிச்சாலும் திரும்பச் சொல்லுன்னா. உபதேசியார் திரும்பி நின்னதை நாலு தடவை சொல்ல வச்சா. பக்கத்துக் கட்டில்காரிக்கும் சொல்ல வச்சா. அப்புறம் அந்த வார்டுல என்னைப் பார்த்தாலே மண்வெட்டிக்காரின்னாங்க.

அம்மா மட்டும் சிரிக்கல. ஒரு நாள் என் கடைக்கு வந்தா. நான் இட்லி ஊத்திக்கிட்டு இருந்தேன். தட்டுத் துணியைப் புழிஞ்சு குடுத்துக்கிட்டே கேட்டா.

"சைபர் வந்தா என் தப்புதானே?"

உபதேசியார் சொல்லியிருக்கார். அவருக்கு மாமா சொல்லியிருக்கார்.

"என் தப்பு. நான் பையைத் திறந்து பார்க்கல."

"எடுத்துட்டுப் போனது நான்."

"பார்க்காம விட்டது நான்."

அம்மா துணியை விரிச்சா. "அப்ப பாதி பாதி வச்சுக்கலாம்" என்றா.

"சரி" என்றேன். ஆறு இட்லி கட்டிக் குடுத்தேன். நாலு போதும்னா. ஆறையும் எடுத்துக்கிட்டா.

காகிதம் வர மூணு வாரம் ஆச்சு. சிஸ்டர் ஆள் அனுப்பிக் கூப்புட்டாங்க. அக்கா அதுக்குள்ள எழுந்து நடந்தா. இடது பக்கம் ஜாக்கெட்டுக்குள்ள பழைய வேட்டியை மடிச்சு வச்சிருந்தா. மாமா புது லோடு விட்டுட்டு வந்திருந்தார். வாசல்லயே நின்னார். அம்மா மாலையை உருட்டலை, கையில சும்மா புடிச்சிருந்தா.

டாக்டரம்மா உறையைக் கிழிச்சாங்க. காகிதம் இங்கிலீஷ்ல இருந்தது. மேலருந்து கீழே படிச்சாங்க. திரும்ப மேலே போனாங்க.

"உக்காருங்க" என்றாங்க மாமாவைப் பார்த்து.

மாமா வந்து உக்காந்தார். எங்களுக்குப் பயம் வந்துருச்சு.

"சொல்லிருங்கம்மா" என்றா அக்கா. "மெட்ராஸுன்னா மெட்ராஸு. கடலாச்சும் பார்ப்பேன்."

டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பி எங்க பக்கம் வச்சாங்க. ஒரு இடத்துல விரலை வச்சாங்க. எழுத்துதான் எனக்குத் தகராறு. எண்ணு படிப்பேன். குனிஞ்சு நானே படிச்சேன்.

நூத்தி நாலு.